கட்டிலடித் தண்ணீர்

மத்தியானத் தூக்கம் கலைந்து மாசிலாமணி வலது காலைத் தரையில் வைத்தார். சில்லென்று ஈரம். குனிந்து பார்த்தார். நாடாக் கட்டிலுக்கு அடியில் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு வாரத்துக்குள் அது மூன்றாவது தடவை.

மேலே பார்த்தார். கூரை ஒழுகவில்லை, சித்திரை வெயிலில் ஒழுகுவதற்கு மழையும் இல்லை. தண்ணீர்ச் செம்பு அலமாரியில் அப்படியே இருந்தது, மூடி கழலாமல். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவு சாத்தியிருந்தது. அந்த அறைக்குள் தண்ணீர் வருவதற்கு ஒரு வழியும் இல்லை. யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அறுபத்தேழு வயதான மாசிலாமணி.

அவசரமாக வேட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காய்ந்துதான் இருந்தது. ஒரு விநாடி நிம்மதி. அடுத்த விநாடியே அவருடைய புத்தி குறுக்கே வந்து நின்றது. இந்த அறையில் முந்தாநாள் நனைந்த துண்டு ஒன்றைக் கொடியில் போட்டபோது முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டதே! அப்படியானால் வேட்டி காய்ந்திருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நாடாக் கட்டிலில் மெல்லிய ஜமுக்காளம். எதுவானாலும் கீழே இறங்கிவிடும், மேலே காய்ந்துவிடும். தமக்கு எதிராகத் தாமே இவ்வளவு கச்சிதமாக வாதாட முடிந்ததை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முனியம்மாள் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். வீட்டு வேலைக்கு வருகிறவள். முதல் தடவை, "செம்பு கொட்டிக்கிச்சா ஐயா?" என்று கேட்டாள். இரண்டாம் தடவை, "பரவால்லிங்க ஐயா, எங்க மாமனாருக்கும் இப்டிதான் ஆரம்பிச்சிது" என்றாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலடியைப் பார்த்தாள், அவரைப் பார்க்காமல் திரும்பிப் போய்ச் சாக்குத்துணி கொண்டுவந்தாள். அந்த மௌனம்தான் மாசிலாமணிக்குத் தாங்கவில்லை.

அவர் சாதாரண ஆள் இல்லை. விழுப்புரம் நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் ஓவர்சீயராக இருந்தவர். அவருடைய வேலையே தண்ணீரை அது போகவேண்டிய இடத்துக்கு அனுப்புவதுதான். எந்தத் தெருவில் எந்த வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எந்தச் சாக்கடையில் சேருகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வாசலில் தண்ணீர் தேங்கவிட்ட வீட்டுக்காரர்களுக்கு எத்தனையோ நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். இப்போது அவர் கட்டிலுக்கு அடியிலேயே தண்ணீர். நோட்டீஸை யாருக்குக் கொடுப்பது?

மனைவி இறந்த பிறகு அவர் திண்டிவனத்தில் மகள் செண்பகம் வீட்டோடு வந்து இருந்தார். மாப்பிள்ளை கோதண்டபாணி மல்லாட்டை வியாபாரி; நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். வீட்டை ஒட்டியே மல்லாட்டை உடைக்கும் களம். அந்த வருஷம், அதாவது அறுபத்து மூன்றில், பாண்டிச்சேரியிலிருந்து சொந்த தேசத்துக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்கார துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஒரு பீரோ வாங்கப்போன கோதண்டபாணி, ஏர்கண்டிஷன் பெட்டியோடு திரும்பி வந்தார். திண்டிவனத்தில் வேறு எந்த வீட்டிலும் அது இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஜன்னலில் பொருத்தி முதல் நாள் அதன் எதிரே உட்கார்ந்த கோதண்டபாணிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. மூன்று நாள் நிற்கவில்லை. மாமனாருக்கு வெயில் காலத்தில் நெஞ்சு படபடப்பு உண்டு. அந்த அறை அவருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அறையோடு ஓர் உத்தியோகமும் வந்தது. பெட்டியைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அது எப்படி வேலை செய்கிறது என்று மாசிலாமணி விளக்கினார். யாரும் கேட்கவில்லை என்றாலும் விளக்கினார்.

"இது குளிரை உண்டாக்கல. அதை மொதல்ல புரிஞ்சிக்கணும். ரூம்புல இருக்கற சூட்டை அள்ளிக்கினு போய் வெளியில கொட்டுது. அவ்ளோதான். உள்பக்கம் ஒரு குழாய்ச் சுருள், வெளிப்பக்கம் ஒரு குழாய்ச் சுருள். நடுவுல ஒரு மருந்துக் காத்து சுத்திக்கினே இருக்கும். உள்ள வரும்போது சூட்டைக் குடிக்கும், வெளிய போகும்போது கக்கும்."

"அப்ப தெருவுல போறவனுக்குச் சூடு அடிக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"அடிக்கும்! போய் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கையை வச்சிப் பாருங்க!" என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். சூட்டைப் பற்றி இவ்வளவு பேசினவர், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது அவருடைய சொந்த இலாகா என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மூன்றாவது தடவை தண்ணீர் தேங்கிய அன்று மாலை செண்பகம் காபியோடு வந்தாள். டம்ளர் பாதிதான் நிரம்பியிருந்தது. கையில் மடித்த ரப்பர் ஷீட் ஒன்று.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜமுக்காளத்துக்கு அடியில இதைப் போட்டுக்குங்க."

"இது என்னா?"

"சின்னவன் தொட்டில்ல இருந்தப்ப வாங்கினது."

மாசிலாமணி அதைத் தொடவில்லை. "அம்மாடி, அது நான் இல்ல" என்றார்.

"இல்லப்பா, நீங்கன்னு யாரு சொன்னாங்க?" என்று செண்பகம் சொன்னாள், அவர்தான் என்று தெளிவாகத் தெரியும்படி. "நாளையிலேர்ந்து காலையில ஒரு டம்ளர் காபி, சாப்பாட்டோட கொஞ்சம் ரசம். மத்தியானம் தண்ணி, மோரு ஒண்ணும் வாணாம். இன்னா ஆவுதுன்னு பாப்போம்."

கோதண்டபாணி வாசற்படியில் நின்றபடியே, "மாமா, ஒண்ணும் பேஜாரு இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்கால ரயில்ல விழுப்புரம் போய்க்கினு வந்துடலாம். அங்க ஒரு டாக்டரு, நமக்கு வேண்டியவரு. ரெண்டே நாள்ல நிறுத்திடுவாராம்" என்றார்.

விழுப்புரம்! மாசிலாமணிக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தது, ஏர்கண்டிஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அந்த ஊரில் எந்த டாக்டர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்தாலும் எதிர் பெஞ்சில் அவரிடம் நோட்டீஸ் வாங்கினவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். 'என்னா ஓவர்சீர் ஐயா, இங்க?' என்பார்கள். அவர் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. கூட வந்த மாப்பிள்ளை சொல்லிவிடுவார். ரயிலடியிலிருந்து கடைத்தெரு வரை, தெருவில் தண்ணீர் விடாதே என்று ஊரை விரட்டின ஓவர்சீயருக்குத் தண்ணீர் நிற்கவில்லையாம் என்ற செய்தி அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். இனி எந்த முகத்தோடு சொந்த ஊர்ப் பக்கம் போவது?

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தண்ணீர் தம்முடையது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அதில் ஒரே ஒரு சிக்கல். தம்முடையது இல்லை என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியாது.

புதன்கிழமை மகள் சொன்னபடியே இருந்தார். காலையில் ஒரு டம்ளர் காபி. சாப்பாட்டில் இரண்டு கரண்டி ரசம். களத்தில் வேலை செய்கிறவர்கள் வாசல் குழாயில் கையேந்தித் தண்ணீர் குடிப்பதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு மணிக்குப் பெட்டியைப் போட்டுவிட்டுப் படுத்தார். நாலு மணிக்கு எழுந்து கட்டிலடியைப் பார்த்தார்.

வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

முனியம்மாள் சாக்குத்துணியைப் போட்டு ஒற்றி, வாளியில் பிழிந்தாள். மறுபடி ஒற்றினாள், பிழிந்தாள். மாசிலாமணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று, "அந்த வாளியைக் கொண்டா" என்றார்.

"வாணாங்க ஐயா, நான் கொட்டிடறேன்."

"கொண்டான்னா கொண்டா!"

வாளித் தண்ணீரைச் செம்பில் ஊற்றி அளந்தார். ஒன்றரைச் செம்பு இருந்தது. உள்ளே போனது ஒரு டம்ளர் காபியும் இரண்டு கரண்டி ரசமும். வெளியே வந்தது ஒன்றரைச் செம்பு. ஒரு வாரமாக இந்தச் சாதாரணக் கணக்கைப் போடாமல் வேட்டியைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. வறண்ட தொண்டையில் சிரிப்பு இருமலாக மாறியது. இருமிக்கொண்டே மகளையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டுச் செம்பைக் காட்டினார்.

கோதண்டபாணி எட்டிப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்துப் பழகின கண். "பழைய ஸ்டாக்கா இருக்கும் மாமா" என்றார்.

"ஒடம்புல என்னா குடோனா கட்டி வச்சிருக்கேன்?"

"இல்லன்னா யாருக்கும் தெரியாம குடிச்சிருப்பீங்க. நான் இருந்தாலும் குடிச்சிருப்பேன். இந்த வெயிலுக்கு!"

செண்பகம் கணவனை முறைத்தாள். ஆனால் அப்பாவின் பக்கமும் சேரவில்லை. ஒரு முழுச் செம்புத் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். மாசிலாமணி அண்ணாந்து குடித்து முடித்தபோது அவருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

தண்ணீர் தம்மிடமிருந்து வரவில்லை. சரி. எங்கிருந்து வருகிறது? ஏர்கண்டிஷன் பெட்டியின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. முதல் நாளே போய்ப் பார்த்தார். ஆனால் பெட்டி இருந்த ஜன்னல் கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி இருந்தது. அதன் கீழே சுவர் முழுவதும் அழகுக்காகத் தேக்குப் பலகை அடித்திருந்தார்கள். பலகையில் ஒரு சொட்டு இல்லை. அதன் முன்னால் தரையிலும் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரைக்குப் போட்டிருந்த மெருகில் ஈரமும் காய்ந்ததும் ஒரே மாதிரி பளபளக்கும். ஒழுகுகிற பெட்டி தன் காலடியில் அல்லவா ஒழுக வேண்டும்?

ஆனால் இந்த மாதிரி வழக்கை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். ஒரு தெருவின் கோடியில் தண்ணீர் தேங்கும். பத்து வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டுத் தண்ணீர் இல்லை என்பார்கள். அப்போது அவர் ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் கொஞ்சம் சாயப்பொடியைத் தூவச் சொல்லிவிட்டு, கோடியில் குடையை விரித்து உட்கார்ந்துகொள்வார். எந்த வீட்டில் தூவின நிறம் வந்து சேருகிறதோ அந்த வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொள்வார்.

வியாழக்கிழமை மத்தியானம், வெளுத்த துணிக்குப் போடும் நீலப்பொடியில் இரண்டு பொட்டலம் வாங்கினார். கதவைச் சாத்திக்கொண்டு தரை முழுக்க, முழத்துக்கு ஒன்றாக, கோலப்புள்ளி வைக்கிற மாதிரி சிட்டிகை சிட்டிகையாகப் பொடி வைத்தார். கதவுப் பக்கம் ஒரு வரிசை, அலமாரிப் பக்கம் ஒரு வரிசை, பலகைச் சுவர்ப் பக்கம் ஒரு வரிசை, கட்டிலைச் சுற்றி ஒரு வரிசை. முதுகு பிடித்துக்கொண்டது. பெட்டியைப் போட்டுவிட்டு, தூங்கக் கூடாது, விழித்திருந்து தண்ணீர் வருகிற வழியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று உறுதியாகப் படுத்தார். குளிர்ந்த காற்று முகத்தில் பட்ட ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டார்.

முனியம்மாள் போட்ட கூச்சலில்தான் விழித்தார்.

"அம்மா! ஜல்தி வாங்கம்மா! ஐயாவுக்கு நீலமா போவுது!"

செண்பகம் கரண்டியோடு ஓடிவந்தாள். கட்டிலுக்கு அடியில் மையைக் கொட்டினதுபோல நீலக் குளம். அவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பின்னாலேயே வந்த கோதண்டபாணி, "விழுப்புரம் பத்தாது. இதுக்கு மெட்ராஸ்தான்" என்றார்.

"யாரும் உள்ள வராதீங்க! மிதிக்காதீங்க! அங்கியே நில்லுங்க!" என்று மாசிலாமணி கட்டிலின் மேல் எழுந்து நின்று கத்தினார். வேட்டி முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டித் தரையைக் காட்டினார். "நல்லா பாருங்க. கதவாண்ட வச்ச பொடி எப்டி இருக்குது?"

"என்னா பொடிப்பா?" செண்பகத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீலப்பொடிம்மா, வெள்ளைத் துணிக்குப் போடுவியே, அது. நான்தான் வச்சேன். கதவாண்ட காய்ஞ்சி இருக்குதா? அலமாரியாண்டயும் காய்ஞ்சி இருக்குதா? இப்ப பலகைச் சுவராண்ட பாரு."

பார்த்தார்கள். பலகைச் சுவரின் அடியில் வைத்த புள்ளிகளில் நடுவில் இருந்த மூன்று மட்டும் கரைந்திருந்தன. அங்கிருந்து மூன்று நீலக் கோடுகள் புறப்பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கோடாகி, தரையில் பாம்பு போன தடம் மாதிரி நெளிந்து நெளிந்து கட்டிலடிக்கு வந்திருந்தன. அந்த மூன்று புள்ளிக்கும் பலகைக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் தண்ணீர் நிறமில்லாமல் தெளிவாக இருந்தது.

"நீலம் என்கிட்டேர்ந்து கெளம்பல. என்கிட்ட வந்து சேர்ந்திருக்குது" என்றார் மாசிலாமணி. "பலகைக்குப் பின்னால இருக்குது சமாசாரம். பச்சைமுத்துவை வரச் சொல்லுங்க."

பெட்டியை ஜன்னலில் பொருத்தி, பலகை அடித்த தச்சர் பச்சைமுத்து. ஐந்து மணிக்கு சைக்கிளில் உளிப்பையோடு வந்தார். தரையில் இருந்த நீலத்தையும் ஓவர்சீயரின் நீலப் பாதங்களையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பலகையின் ஆணியைக் கழற்றினார்.

பலகைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஊறிப்போயிருந்தது. பெட்டியின் முன்விளிம்பிலிருந்து தண்ணீர் சுவரோடு சுவராக இறங்கி, பலகையின் அடியில் இருந்த இடுக்கு வழியாக வெளியே வந்திருக்கிறது. வந்த தண்ணீர் ஏன் அங்கேயே நிற்காமல் எட்டடி நடந்து கட்டிலடிக்குப் போனது? பச்சைமுத்து கட்டில் இருந்த மூலையைக் காட்டினார்.

"ரூம்பு கழுவுனா தண்ணி வெளிய போவறதுக்கு அந்த மூலையில ஒரு ஓட்டை இருந்துதுங்களே ஐயா. தரையோட வாட்டம், சரிவு பூரா அந்தப் பக்கம்தான். குளிரு வெளிய போயிடும்னு நீங்கதான் சிமெண்டு வச்சி அடைக்கச் சொன்னீங்க."

மாசிலாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துவிட்டு, அதன் மேலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர் நோட்டீஸில் என்ன எழுதியிருப்பார் என்பது அவருக்கு வரிக்கு வரி தெரியும்.

"பெட்டியோட முன்மூடியைக் கழட்டு" என்றார்.

மூடிக்குப் பின்னால், மெல்லிய தகடுகள் நெருக்கமாகக் கோத்த குழாய்ச் சுருள். தகடு ஒவ்வொன்றின் நுனியிலும் முத்து முத்தாகத் தண்ணீர். கீழே ஒரு தகரத் தட்டு, விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு அதில் விழுந்தது. இன்னொரு சொட்டு முன்விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"இதுக்குள்ள யாரு தண்ணி ஊத்தினாங்க?" என்று கோதண்டபாணி கேட்டார்.

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. விளக்குவதற்கு ஒரு விஷயம் கிடைத்தால் அவருக்கு வெட்கமெல்லாம் மறந்துபோகும். "யாரும் ஊத்தல மாப்ளே. காத்துலேர்ந்து வருது. காத்துல எப்பவும் தண்ணி இருக்குது, ஆவியா, கண்ணுக்குத் தெரியாம. சூடான காத்து நெறைய ஆவியைச் சுமக்கும். அதைக் குளிர வச்சா அவ்ளோ சுமக்க முடியாது. மிச்சத்தை எறக்கி வச்சிடும். எங்க எறக்கி வைக்கும்? எது ரொம்பக் குளிர்ச்சியா இருக்குதோ அது மேல. ஐஸ் போட்ட சர்பத் டம்ளருக்கு வெளிப்பக்கம் வேர்க்குதே, அது டம்ளர்லேர்ந்து கசிஞ்சதா? காத்து எறக்கி வச்சது. இந்தத் தகடும் அப்டித்தான் வேர்க்குது."

"அப்ப பெட்டி வந்த மொதல் பத்து நாளு ஏன் வேர்க்கல?" என்றாள் செண்பகம்.

அது நல்ல கேள்வி. மாசிலாமணி மறுபடி குனிந்து தட்டை உற்றுப் பார்த்தார்.

"மொதல்ல மேக்கத்திக் காத்துங்கம்மா" என்று முனியம்மாள் கதவோரத்திலிருந்து சொன்னாள். "அனலா அடிச்சிது. மொளவா காயப்போட்டா ஒரே நாள்ல மொறமொறன்னு ஆச்சி. போன வாரத்துலேர்ந்து மத்தியானமானா கடக்காத்து வருது. மொளவா காயவே மாட்டேங்குது, நமுத்துப் போவுது."

"அதேதான்!" என்று மாசிலாமணி குதித்தார். "மேல்காத்து வறண்ட காத்து, ஆவி கம்மி. கடல்காத்து மரக்காணம் பக்கம் சமுத்திரத்தைத் தொட்டுக்கினு வருது, அதுல ஆவி ஜாஸ்தி. மொளவா நமுத்துப்போற அன்னைக்கெல்லாம் இங்க தண்ணி! இது எனக்குத் தோணலியே." ஒரு வாரமாகப் பதில் கதவோரத்தில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்திருக்கிறது, அவர் அதன் மௌனத்தைப் பார்த்து நொந்துகொண்டிருந்தார்.

"சரி, தண்ணி வரட்டும்" என்றார் கோதண்டபாணி. "தொரை வீட்டுலயும் வந்திருக்குமில்ல? அவரு கட்டிலுக்கு அடியிலயும் நின்னுதா?"

பச்சைமுத்து பெட்டிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுத்து, ஒரு தடவை மாசிலாமணியைப் பார்த்தார். "சொல்லலாங்களா ஐயா?"

"சொல்லு."

"நான் மொதல்ல இந்தப் பெட்டியைப் பின்பக்கம் அரை இஞ்ச் தாழத்தான் வச்சேன். எனக்கு இந்த மிஷின் பத்தி ஒண்ணும் தெரியாது. ஜன்னல்ல எது வச்சாலும் மழைத் தண்ணி வெளியில ஓடணும்னு வைக்கிறது வழக்கம். நீங்க வந்து மேல மட்டம் பாக்கற ரசமட்டத்தை வச்சீங்க. குமிழி நடுவுல நிக்கல. 'என்னாய்யா வேலை செய்யற, கோணலா இருக்குது பாரு'ன்னு திட்டினீங்க. ரெண்டு தடவை தூக்கி எறக்கி, குமிழி மயிரிழை நகராம நடுவுல நின்னப்புறந்தான் விட்டீங்க."

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்டியோட வந்த பிரெஞ்சு புஸ்தகத்துலகூட பெட்டி பின்பக்கம் சாஞ்சாப்லதான் படம் போட்டிருந்துது" என்று பச்சைமுத்து தொடர்ந்தார். "நான் காட்டினேன். 'பிரெஞ்சுக்காரனுக்கு நேரா ஒரு படம் போடத் தெரியல'ன்னு சொல்லிட்டீங்க."

கோதண்டபாணி சிரிப்பை அடக்கிக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்குவது பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது. செண்பகம் அடக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு மகள் சிரிப்பதைப் பார்த்த மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம், வாட்டம் இல்லாத சாக்கடை உருப்படாது என்று கொத்தனார்களைத் திட்டினவர். இருபத்தைந்து அடிக்கு இத்தனை அங்குலம் இறக்கம் என்று மனப்பாடமாகச் சொன்னவர். இரண்டடி நீளத் தட்டு ஒன்றை, வாட்டமே இல்லாமல் அற்புதமான சமமாக வைத்து, மெச்சிக்கொண்டு படுத்திருக்கிறார்.

"சிரிங்க, சிரிங்க. தண்ணி என்னுது இல்லன்னாலும் தப்பு என்னுதுதான்" என்றார். "விழுப்புரம் பயணம் இன்னா ஆச்சி மாப்ளே?"

"நாளைக்கு மத்தியானம் பெட்டி ஓடட்டும். காஞ்சி இருந்தா வாணாம். ஈரமா இருந்தா சாயங்கால ரயிலு" என்றார் கோதண்டபாணி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் வியாபாரி வியாபாரிதான்.

வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்துவிடப் பார்த்தார்கள். பெட்டியின் முன்பக்கத்துக்கு அடியில் அரை அங்குல மரச்சக்கை கொடுத்துத் தூக்கினார் பச்சைமுத்து. பின்பக்கம் தாழ்ந்தது. ஆனால் முன்தட்டுத் தண்ணீர் அசையவில்லை. தளும்பிக்கொண்டே நின்றது. மாசிலாமணி விளக்கைப் பிடித்துக்கொண்டு தட்டுக்குள் பார்த்தார். முன்தட்டிலிருந்து, வெளிப்பக்கச் சுருளுக்கு அடியில் இருந்த பின்தட்டுக்குத் தண்ணீர் போக ஒரு சின்னத் துவாரம் இருந்தது. அதில் சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தார். மல்லாட்டைத் தோல். களத்திலிருந்து பறந்து வந்த மெல்லிய சிவப்புத் தோலும் தூசியும் சேறாகப் படிந்திருந்தன.

இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓடுகிற தண்ணீர் குப்பையை இழுத்துக்கொண்டு போகும். தேங்குகிற தண்ணீர் அதைப் படியவிடும். வாட்டம் இல்லாததால் தண்ணீர் தேங்கியது. தேங்கியதால் தோல் படிந்தது. தோல் படிந்ததால் துவாரம் அடைத்தது. துவாரம் அடைத்ததால் தட்டு நிரம்பி அறைப் பக்கம் வழிந்தது. கடைசியில் அவருக்கு ரப்பர் ஷீட் வந்தது.

துவாரம் திறந்ததும் தட்டுத் தண்ணீர் களக்கென்று பின்னால் ஓடியது. அங்கே சூடான சுருளுக்குப் பக்கத்தில் காற்றாடி அதை வாரி அடித்தது. சுருளில் பட்ட தண்ணீரில் கொஞ்சம் அப்படியே ஆவியாகிப் போனது. மிஞ்சியது பின்தட்டின் மூலையில் இருந்த குழாய் வாய்க்கு வந்தது. அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, பச்சைமுத்து ஜன்னல் கம்பியின் மேலாக ஏற்றி வெளியே தொங்கவிட்டார், பார்வைக்கு லட்சணமாக.

"ஆங், அது கூடாது" என்றார் மாசிலாமணி. "தண்ணி தானா மேல ஏறாது. கம்பிக்கு அடியில விடு. எங்கயும் தூக்கலா இருக்கக் கூடாது, தொங்கலும் விழக் கூடாது. எறங்கிக்கினே போகணும்."

இந்த ஒரு விஷயமாவது தமக்கு முதலில் தோன்றியதே என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது. பச்சைமுத்து ஜன்னல் சட்டத்தில் தாழ்வாக ஓட்டை போட்டுக் குழாயை நேராக இறக்கினார். மாசிலாமணி ஒரு செம்புத் தண்ணீரை முன்தட்டில் ஊற்றினார். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். குழாய் நுனியில் தண்ணீர் வந்து விழுந்தது. மூலையில் அடைத்திருந்த சிமெண்டையும் மாசிலாமணி தம் கையாலேயே கொத்தி எடுத்து, ஒரு மரத்தக்கை செய்து செருகினார்.

வெள்ளிக்கிழமை நல்ல கடல்காற்று. முனியம்மாள் காலையிலேயே மிளகாயை வாரிக் கட்டிவிட்டாள். ஒரு மணிக்குப் பெட்டி ஓட ஆரம்பித்தது. மாசிலாமணி ஒரு பெரிய செம்பு மோரை எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்துவிட்டுப் படுத்தார். அவரைத் தூங்கவிட்டுப் பிறகு வந்து பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. செண்பகம் கட்டிலின் ஒரு பக்கம் உட்கார்ந்தாள், முனியம்மாள் இன்னொரு பக்கம். கோதண்டபாணி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நாற்காலியில். மூன்று பேரும் ஒரு மனிதரின் கட்டிலடியை மூன்று மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் தூங்குகிறவர்போல நடித்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு முனியம்மாள் உள்ளங்கையால் தரையைத் தடவினாள். கையைத் திருப்பிக் காட்டினாள். காய்ந்த தூசி.

வெளியே ரப்பர் குழாயின் கீழே வைத்திருந்த வாளியில் இரண்டு செம்புக்கு மேல் தண்ணீர் சேர்ந்திருந்தது.

"ரயிலு வாணாம் மாமா" என்று சொல்லிவிட்டு, கோதண்டபாணி தும்மிக்கொண்டே மல்லாட்டை மண்டிக்குப் போனார். செண்பகம் ரப்பர் ஷீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

மாசிலாமணி ஒரு காகிதத்தை எடுத்து, நோட்டீஸ் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார்: பெட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். முன்தட்டிலிருந்து பின்தட்டுக்குப் போகும் துவாரத்தை வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்தி விட வேண்டும். தண்ணீர்க் குழாய் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். சந்தேகம் வந்தால் முன்தட்டில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும். அது வெளியே வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.